வீட்டில் மூன்று பேருக்கு உதிரப்போக்கு: முதலில் யாரை அழைத்துப்போவது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கித் திரும்பச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். மகளுக்கு 13 வயது, வயதுக்கு வந்து எட்டு மாதம். இரண்டு மாதம் வராமலே இருந்து, இப்போது வந்தது 18 நாளாக நிற்கவில்லை. உங்களுக்கு 44. ஒரு வருடமாக மாதம் இரண்டு தடவை வருகிறது, கட்டி கட்டியாகப் போகிறது. ஸ்கேனில் 'பல்க்கி யூட்டரஸ்' என்றும் 2 செ.மீ. அளவில் ஒரு நார்க்கட்டி என்றும் எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்த ஒரு டாக்டர், 'குழந்தைதான் பெற்றாயிற்றே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்' என்றிருக்கிறார். மாமியாருக்கு 61, மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் உள்பாவாடையில் இரண்டு சொட்டுக் கறை, அதோடு நின்றுவிட்டது. மூன்றுக்கும் 'உடம்புச் சூடு' என்று வீட்டில் முடிவுகட்டியாகிவிட்டது. அடுத்த மாதம் கிரகப்பிரவேசம், அதற்குத் தள்ளிப்போடும் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்பது கடைசிக் கேள்வி.

'இதெல்லாம் சாதாரணமா' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் லீவும் பணமும் கையைக் கடிக்கும்போது முதலில் யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். என் பதில், மாமியாரை. மூவரில் மிகக் குறைவாகப் பட்டது அவருக்குத்தான், அதுவும் நின்றுவிட்டது. இருந்தாலும் அவர்தான் முதலில். அடுத்து நீங்கள். மகள் எழுந்து நடமாடுகிறாள், சாப்பிடுகிறாள், தலைசுற்றல் இல்லை என்றால் நாளைக்கே ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு, இந்த வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டலாம். அவள் வெளுத்துப்போயிருந்தாலோ, மாடி ஏறினால் மூச்சு வாங்கினாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், இன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இந்தக் கடைசி விதி உங்களுக்கும் பொருந்தும்.

நான் மகளிர் நோய் மருத்துவர். பல வருடம் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் இருந்தேன், இப்போது சின்னதாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். உங்கள் மூவரையும் நான் பார்க்கவில்லை, தொட்டுப் பரிசோதிக்கவில்லை. அதனால் 'இன்ன வியாதி' என்று சொல்ல என்னால் முடியாது. எந்த வயதில் எதை முதலில் சந்தேகிக்க வேண்டும், எது உறுதி, எதில் டாக்டர்களுக்கே கருத்து வேறுபாடு உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

மாமியாரை ஏன் முதலில் சொன்னேன் என்றால், கடைசி மாதவிலக்குக்குப் பிறகு ஒரு வருடம் முழுதாகக் கழிந்து அதற்கப்புறம் பட்டால், ஒரு சொட்டானாலும், ஒரே நாளானாலும், காரணம் தெரியும்வரை விடக்கூடாது. இதில் மருத்துவ உலகில் இரண்டாவது கருத்து கிடையாது. பெரும்பாலும் காரணம் எளிதுதான். ஈஸ்ட்ரோஜன் குறைந்துபோனதால் பிறப்புறுப்பின் தோலும் கர்ப்பப்பையின் உள்சவ்வும் மெலிந்து, உரசலில் லேசாகக் கசியும். ஆனால் இப்படி வருகிற பெண்களில் ஏறத்தாழ 100க்கு 9 பேருக்குக் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. திருப்பிப் பார்த்தால், அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு இந்தக் கசிவுதான் முதல் அறிகுறி. ஆரம்பத்திலேயே குரல் கொடுக்கிற புற்றுநோய் அது. கர்ப்பப்பையைத் தாண்டாத கட்டத்தில் பிடித்துவிட்டால் மிகப் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன் இருந்தால், அல்லது மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிட்டவர் என்றால் வாய்ப்பு இன்னும் கூடும். இதையெல்லாம் போனவுடன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் அவருக்குப் பயம் குறையும். முதலில் ரத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சிறுநீரில் வந்த ரத்தத்தையும் மூலத்தில் கசிந்ததையும் 'தீட்டு மறுபடி வந்துவிட்டது' என்று எண்ணி வருகிறவர்கள் உண்டு. அடியிறக்கம் உள்ள பாட்டிகளுக்கு வெளியே தள்ளிய பகுதி துணியில் உராய்ந்து புண்ணாகி ரத்தம் வரும். வருடக்கணக்கில் வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்த்தே ஆக வேண்டும், அதைப் பார்க்காமல் ஸ்கேனுக்கு மட்டும் எழுதிக்கொடுத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. அடுத்தது பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன். உள்சவ்வின் தடிப்பு 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, அத்தோடு விடலாம். அதற்கு மேல் என்றாலோ, 4க்குள் இருந்தும் ரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். 'பாப் ஸ்மியர் நார்மல்' என்ற ரிப்போர்ட்டைக் காட்டி நிம்மதியாகப் போகிறவர்களைப் பார்க்கிறேன். பாப் என்பது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை, உள்சவ்வுக்கு அது உத்தரவாதம் தராது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வயதான பெண்ணுக்கு ரத்தம் என்றால் உள்சவ்வை மட்டும் யோசித்தால் போதாது. தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் படுவது, நாற்றத்தோடு நீர் போவது இரண்டும் எந்த வயதிலும் கர்ப்பப்பை வாயைப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள். நாள்பட்ட அறிகுறி எதுவும் இல்லாதபோதே செய்துகொள்ளக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்ப்பது. அதன் பலனைப் பெரிய அளவில் நிரூபித்த ஆய்வே திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்ததுதான். 2007இல் வெளியான அதன் முடிவில், சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் வந்த சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இதை இலவசமாகச் செய்கிறார்கள். மாமியாரை அழைத்துப்போகிற அன்றே உங்களுக்கும் பார்த்துவிடலாம்.

இனி உங்கள் இருவரிடம் வருகிறேன். 13 வயதுக்கும் 44 வயதுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம் இருக்கும் என்றால் நம்ப மாட்டீர்கள். மாதத்தின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்க்கிறது. சினைமுட்டை வெடித்து வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரான் அந்த வளர்ச்சியை நிறுத்திப் பதப்படுத்தி, முட்டை கருவாகாவிட்டால் தானும் குறைந்து, சவ்வு மொத்தமாக ஒரே நேரத்தில் உதிர வழிசெய்கிறது. முட்டையே வெளியாகாத மாதங்களில் புரோஜெஸ்டிரான் கிடையாது. சவ்வு அறுக்காமல் தண்ணீர் மட்டும் பாய்ச்சிய புல் மாதிரி வளர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் தாங்காமல் இங்கொரு திட்டு அங்கொரு திட்டாக உதிரும். இரண்டு மாதம் வராமல் இருந்து, வந்தது நிற்காமல் போவது இதனால்தான். பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று வருடம் மூளையும் சினைப்பையும் இன்னும் ஒத்துப்போகப் பழகவில்லை. நாற்பதுகளில் சினைப்பை ஓய்வெடுக்கத் தொடங்குவதால் மறுபடி முட்டை தவறுகிறது. காரணம் ஒன்றுதான் என்றாலும், அதை உறுதிசெய்யும் முன் மற்ற எதையெல்லாம் இல்லை என்று பார்க்க வேண்டும் என்பது வயதுக்கு வயது மாறும்.

மகள் விஷயத்தில் 21 நாளிலிருந்து 45 நாளுக்குள் எப்போது வந்தாலும் இந்த வயதில் கவலையில்லை. ஏழு நாளுக்கு மேல் போவதுதான் கவனிக்க வேண்டியது. 18 நாள் என்பது காத்திருக்கும் கட்டத்தைத் தாண்டியாயிற்று. டாக்டர் கேட்க வேண்டிய, கேட்காவிட்டால் நீங்களே சொல்ல வேண்டிய செய்திகள் சில. சின்ன வயதில் மூக்கில் ரத்தம் வந்து பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் இருந்ததா? பல் பிடுங்கியபோது ரொம்ப நேரம் வந்ததா? லேசாக இடித்தாலே நீலம் பாய்கிறதா? உங்களுக்கோ உங்கள் கணவர் வீட்டாருக்கோ பிரசவத்திலோ ஆபரேஷனிலோ ரத்தம் அதிகம் போய் ஏற்ற வேண்டி வந்ததா? இதில் ஒன்றிரண்டுக்கு 'ஆமாம்' என்றால் ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கலாம். அதில் அதிகம் காணப்படுவது வான் வில்லிபிராண்ட் குறைபாடு, 1926இல் பின்லாந்து மருத்துவர் ஒருவர் ஒரே குடும்பத்தில் பலரிடம் கண்டு எழுதியது. பையன்களுக்கு லேசாக இருந்தால் தெரியாமலே போய்விடலாம். பெண்ணுக்கு வயதுக்கு வந்ததும் வெளிப்பட்டுவிடும். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க வழக்கமாகச் செய்யும் பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகள் நார்மலாக வந்தாலும் இந்தக் குறை இல்லை என்று சொல்லிவிட முடியாது, இதற்கென்று தனிச் சோதனை இருக்கிறது. அதிகம் போகும் சிறுமிகளில் எத்தனை பேருக்கு இந்தக் குறை என்பதில் ஆய்வுக்கு ஆய்வு எண் ரொம்பவே மாறுகிறது, அதனால் ஒரு விழுக்காட்டைச் சொல்லி உங்களைக் கலங்கடிக்க மாட்டேன். பெரும்பாலான சிறுமிகளுக்கு அது இருப்பதில்லை என்பது நிச்சயம்.

இன்னொரு பயத்தையும் போக்கிவிடுகிறேன். அவளுக்கு உள்பரிசோதனை தேவைப்படாது. ஸ்கேன் வயிற்றின் மேல் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஹீமோகுளோபின், தட்டணுக்கள், தைராய்டு பார்த்தால் பெரும்பாலும் போதும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு தீட்டு அதிகமானால் டெங்குவில் தட்டணு குறைந்திருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். டாக்டர் உங்களை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லி அவளிடம் தனியாகப் பேசினாலோ, சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை எழுதினாலோ தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பெண் குழந்தை வந்தாலும் நாங்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். அம்மா முன்னால் சொல்ல முடியாத அடியோ அத்துமீறலோ சில சமயம் அப்போதுதான் வெளியே வரும். சிகிச்சை எளிது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலமும் ஹார்மோன் மாத்திரையும் பெரும்பாலும் சில நாளில் நிறுத்திவிடும். ஹார்மோன் என்றதும் 'பிற்காலத்தில் குழந்தை பிறக்காது' என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அது உண்மையில்லை. வயிற்றுவலிக்கென்று வீட்டில் வைத்திருக்கும் மெஃபெனமிக் அமில மாத்திரையை மட்டும், உறைதல் குறை இல்லை என்று தெரியும்வரை அவளுக்குக் கொடுக்க வேண்டாம்.

இப்போது நீங்கள். உங்கள் கேள்வியில் பாதிக்கு மேல் கர்ப்பப்பையை எடுப்பதைப் பற்றியதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எவ்வளவு போனால் அதிகம்? பழைய ஆய்வுகள் 80 மி.லி. என்று கோடு போட்டன. வீட்டில் யார் அளந்து பார்க்க முடியும்? நாப்கினுக்குப் பதில் மாதவிலக்குக் கப் பயன்படுத்துகிறவர்கள் அதிலுள்ள கோடுகளைப் பார்த்துச் சொல்லலாம். நாப்கின் என்றால் ஒரு வழி இருக்கிறது. ஒரு காலண்டர் தாளில் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள்: லேசாகக் கறைபட்ட நாப்கினுக்கு 1, பாதியளவுக்கு 5, முழுதாக நனைந்ததற்கு 20, சின்னக் கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. ஒரு தீட்டுக்கு மொத்தம் 100ஐத் தாண்டினால் அதிகம் என்று கொள்ளலாம். 1990இல் வந்த படக் கணக்கு இது, பிராண்டுக்குப் பிராண்டு நாப்கின் உறிஞ்சும் அளவு மாறுவதால் துல்லியம் கொஞ்சம் முன்பின் இருக்கும். துணி வைப்பவர்களுக்கு இது சரிப்படாது. அவர்களிடம் நான் கேட்பது வேறு: ராத்திரி மாற்றுவதற்கென்றே எழுந்திருக்கிறீர்களா, பாயும் புடவையும் நனைகிறதா, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி போகிறதா, அந்த நாட்களில் வேலைக்குப் போகாமல் இருக்கிறீர்களா. நீங்கள் விவரித்தபடி உங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஆமாம்தான். 24லிருந்து 38 நாளுக்கு ஒரு முறை, எட்டு நாளுக்குள் முடிவது வளர்ந்த பெண்ணுக்கு இயல்பு என்று பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ வைத்திருக்கும் அளவு. மாதம் இரண்டு தடவை அதற்குள் அடங்காது.

முதலில் செய்ய வேண்டியது கர்ப்பப் பரிசோதனை. சிரிக்க வேண்டாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவர்களுக்கும் அரிதாகக் கரு தங்கும், தங்கினால் குழாயிலேயே தங்கும் ஆபத்து அதிகம். அடுத்து, உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்று யோசியுங்கள். நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவம் முடிந்த கையோடு காப்பர் டி வைத்துவிடும் வழக்கம் உண்டு. அது உள்ளே இருப்பதையே மறந்துவிட்டவர்கள் வருகிறார்கள். மருந்துக் கடையில் நேராக வாங்கிய கருக்கலைப்பு மாத்திரை, அடிக்கடி போட்ட அவசரக் கருத்தடை மாத்திரை, கருத்தடை ஊசி, ரத்தம் உறையாமலிருக்க இதய நோய்க்குச் சாப்பிடும் மருந்து, இவை எல்லாமே காரணமாகலாம். டாக்டரிடம் ஒன்றையும் மறைக்க வேண்டாம். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்த இரண்டு சொற்களுக்கு வருவோம். 'பல்க்கி யூட்டரஸ்' என்றால் கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். இரண்டு மூன்று பிள்ளை பெற்றவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். அது ஒரு வியாதியின் பெயர் இல்லை. உள்சவ்வு தசைக்குள் ஊடுருவும் அடினோமயோசிஸிலும் கர்ப்பப்பை பருக்கும், ஆனால் அதில் பெரும்பாலும் தீட்டின்போது வலி கடுமையாக இருக்கும். ஸ்கேனை வைத்து அதைச் சந்தேகிக்கலாம், அறுதியிட்டுச் சொல்வது கடினம். நார்க்கட்டியில் அளவைவிட இடம் முக்கியம். கர்ப்பப்பைக் குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் 1 செ.மீ. கட்டி ஆளைச் சாய்க்கிற அளவுக்கு ரத்தம் போகவைக்கும். வெளிப்பக்கம் தொங்கும் 5 செ.மீ. கட்டி சும்மா இருக்கும். உங்கள் 2 செ.மீ. கட்டி உள்சவ்வைத் தொடுகிறதா இல்லையா என்று ரிப்போர்ட்டில் இல்லையென்றால் ஸ்கேன் எடுத்தவரிடமே கேளுங்கள். தொடவில்லையென்றால் உங்கள் உதிரப்போக்குக்கு அதைக் குற்றம் சொல்ல நான் தயங்குவேன். நாற்பது வயதுப் பெண்களில் ஏராளமானோருக்கு இப்படி ஒரு கட்டி எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கிறது. அது புற்றாக மாறிவிடும் என்ற பயமுறுத்தலுக்கும் ஆதாரம் இல்லை.

ரிப்போர்ட்டில் உள்சவ்வுத் தடிப்பு 13 மி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். மாதவிலக்கு நின்றவருக்கு இது பெரிய எண். உங்களுக்கு அப்படியில்லை. இன்னும் தீட்டு வரும் பெண்ணுக்கு மாதத் தொடக்கத்தில் 4 மி.மீ. இருப்பது கடைசியில் 14, 16 வரை போகும். இத்தனைக்கு மேல் என்றால் ஆபத்து என்று இந்த வயதில் எல்லோரும் ஒத்துக்கொண்ட கோடு இதுவரை இல்லை. அதனால்தான் உங்கள் வயதில் ஸ்கேனை மட்டும் நம்பாமல் பயாப்சி என்ற சதைப் பரிசோதனை கேட்கிறோம். மேல்நாட்டு வழிகாட்டுதல்கள் 45 வயதில் தொடங்கச் சொல்கின்றன, இந்தியாவில் பலர் 40லேயே செய்கிறோம். சர்க்கரை, பருமன், பல வருடப் பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டிகள்) இருந்தால் அதற்கும் முன்பே. எனக்குத் தெரிந்தவரை உங்களுக்கு இன்னும் இது செய்யப்படவில்லை. கர்ப்பப்பையை எடுப்பதைப் பற்றிப் பேசும் முன் நடந்திருக்க வேண்டிய சோதனை இது.

பைப்பெல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் ஓ.பி.யிலேயே எடுத்துவிடலாம். குழாயின் தடிமன் 3 மி.மீ. இருக்கும், மயக்க மருந்து வேண்டாம். ஸ்பெகுலம் வைத்து, குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே செலுத்தி, நடுவிலுள்ள தண்டைப் பின்னால் இழுத்தால் உறிஞ்சும் விசை வரும். மெதுவாகச் சுழற்றியபடி முன்னும் பின்னும் அசைத்து எடுப்போம். அந்த ஒரு நிமிடம் தீட்டு வலியின் உச்சம் மாதிரி அடிவயிறு இறுக்கிப் பிடிக்கும், பிறகு அடங்கிவிடும். குழாயை ஃபார்மலின் பாட்டிலுக்குள் பீய்ச்சினால் சிவப்பு இழைகள் மிதப்பதை நீங்களே பார்க்கலாம். அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். முன்பெல்லாம் எல்லோருக்கும் மயக்கம் கொடுத்து 'டி அண்ட் சி' செய்வோம். அதிலும் கண்ணுக்குத் தெரியாமல்தான் சுரண்டுகிறோம், பாலிப் போன்ற சின்ன வளர்ச்சி தப்பிவிடும். ஸ்கேனில் பாலிப் சந்தேகம் இருந்தால் கேமரா வைத்துப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்கிற இடத்துக்குப் போவது நல்லது.

பயாப்சி முடிவுதான் பாதையைத் தீர்மானிக்கும். சவ்வு சாதாரணம் என்றாலோ, அணுக்களில் மாற்றமில்லாத வெறும் மிகை வளர்ச்சி என்றாலோ மருந்து போதும். அந்த வகை மிகை வளர்ச்சி இருபது வருடத்தில் புற்றாக மாறுவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. அணுக்கள் மாறத் தொடங்கிவிட்டதைச் சொல்லும் 'அட்டிப்பியா' என்ற சொல் ரிப்போர்ட்டில் இருந்தால் கதை வேறு. அப்போது கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள் என்று நானே சொல்வேன், ஏனென்றால் அப்படிப்பட்டவர்களில் கணிசமானோருக்கு எடுத்துப் பார்க்கும்போது உள்ளே புற்று ஏற்கெனவே இருந்திருக்கிறது.

மருந்துகளில் முதலாவது டிரானெக்ஸாமிக் அமிலம். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் கண்டுபிடித்தது. அதிகம் போகும் நாட்களில் மட்டும் 1 கிராம் வீதம் மூன்று வேளை, நான்கைந்து நாள் சாப்பிட்டால் போக்கு ஏறத்தாழ பாதியாகும். காலில் ரத்தக் கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்குக் கூடாது. இதோடு எதாம்சைலேட் சேர்த்து எழுதுவது இங்கே வழக்கம், கூடுதல் பலன் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை, பிரிட்டன் வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்றே சொல்லியது. இரண்டாவது, புரோஜெஸ்டிரான் வகை ஹார்மோனான நாரெதிஸ்டிரோன் மாத்திரை. இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். மாத்திரையை நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாளில் மறுபடி பட ஆரம்பிக்கும். அது மருந்து வேலை செய்யாததால் அல்ல, அப்படி வரவைப்பதுதான் நோக்கம். இதை யாரும் சொல்லாததால் 'மருந்து கேட்கவில்லை' என்று ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டவர்கள் உண்டு. மூன்றாவது, ஆர்மெலாக்ஸிஃபென். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நம் நாட்டு மருந்து, அரசு கருத்தடை மாத்திரையாக 'சாயா' என்ற பெயரில் தருவதும் இதுதான். முதல் 12 வாரம் வாரத்துக்கு இரண்டு, பிறகு ஒன்று. தீட்டு தள்ளிப்போகும், சிலருக்கு மாதக்கணக்கில் வராது.

என்னைக் கேட்டால், பயாப்சியில் பயமில்லை என்று தெரிந்தபின் உங்கள் நிலையில் நான் முதலில் சொல்வது லெவோநார்ஜெஸ்ட்ரெல் சுரக்கும் உள்சாதனம். காப்பர் டி மாதிரிதான் இருக்கும், ஆனால் காப்பர் இல்லை. தினமும் நுண்ணிய அளவில் புரோஜெஸ்டிரான் வகை ஹார்மோனைச் சவ்வின் மேலேயே விடும். ஆறு மாதத்தில் போக்கு பத்தில் ஒரு பங்காகக் குறைவது சாதாரணம். பிரச்சினை அந்த ஆறு மாதம்தான். தினமும் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டிருக்கும், பூஜை, விசேஷம் என்று இருக்கும் வீட்டில் அதைப் பொறுக்க முடியாமல் எடுக்கச் சொல்லி வருகிறார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்தவர்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடுகிறார்கள். கர்ப்பப்பைக் குழி நார்க்கட்டியால் உருமாறியிருந்தால் இது நிற்காமல் நழுவிவிடலாம்.

கர்ப்பப்பையை எடுப்பது தப்பா? இல்லை. மருந்தும் சாதனமும் கொடுத்துப் பார்த்து, பலனில்லாமல், பயாப்சியும் பார்த்து, விவரம் தெரிந்து ஒரு பெண் 'போதும், எடுத்துவிடுங்கள்' என்றால் அது நியாயமான முடிவு. உதிரப்போக்கை நூறு விழுக்காடு நிறுத்தும் ஒரே வழியும் அதுதான். நான் எதிர்ப்பது முதல் நாளே அதைச் சொல்வதை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குள் நூற்றில் மூன்று பெண்களுக்கு மேல் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருக்கிறது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இது எட்டு, ஒன்பது. எடுத்தவர்களில் பாதிப் பேர் அப்போது முப்பதுகளின் நடுப்பகுதியைக்கூடத் தாண்டவில்லை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் கூலி போய்விடக்கூடாது என்று எடுத்துக்கொண்டது 2019இல் செய்தியானது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதலை மாநிலங்கள் மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 'கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது, விட்டால் கேன்சர்' என்று சொல்லி எடுப்பதும் பழைய கதை. கர்ப்பப்பை வாய்ப்புண் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஹார்மோனால் வரும் இயல்பான சிவப்பு.

அதே டாக்டரிடமோ இன்னொருவரிடமோ போகும்போது மூன்றைக் கேளுங்கள். பயாப்சி முடிவு என்ன? இதற்கு முன் எந்த மருந்தை எத்தனை மாதம் கொடுத்துப் பார்த்தோம்? சினைப்பைகளையும் எடுப்பீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். 44 வயதில் நல்ல சினைப்பைகளை எடுத்தால் ஒரே நாளில் மெனோபாஸ் வந்துவிடும், எலும்புத் தேய்மானமும் இதய நோயும் முன்கூட்டியே வர வாய்ப்பு கூடும். சினைப்பைகளை விட்டு வைத்தாலும் சிலருக்கு மெனோபாஸ் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

மூன்று பேரில் யாருக்கு என்ன முடிவு வந்தாலும், உங்களுக்கும் மகளுக்கும் இரும்புச்சத்து தேவைப்படும் என்பது ஏறக்குறைய நிச்சயம். 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 விழுக்காட்டினர், ரத்தசோகை உள்ளவர்கள். அதில் நீங்கள் மாதம் இருமுறை இழக்கிறீர்கள். பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் சாப்பிடுங்கள், நல்லதுதான், ஆனால் 8 கிராம் ஹீமோகுளோபினைக் கீரையால் 12 ஆக்க முடியாது. மாத்திரை வேண்டும். காபி, டீ, கால்சியம் மாத்திரை இவற்றிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிச் சாப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாம். அப்படிச் சாப்பிட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு அதிகம் உறிஞ்சுகிறது என்று சமீப ஆய்வுகள் காட்டுகின்றன. ஹீமோகுளோபின் சரியான பின்னும் மூன்று மாதம் தொடர வேண்டும், சேமிப்பு நிரம்ப அவ்வளவு நாளாகும். ரொம்பக் குறைவு என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள். உடம்புச் சூடு என்று மோரும் வெந்தயமும் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, டாக்டரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போடாதவரை.

கடைசியாகக் கிரகப்பிரவேசம். தள்ளிப்போடும் மாத்திரை என்று மருந்துக் கடையில் தருவதும் மேலே சொன்ன நாரெதிஸ்டிரோன்தான். சுழற்சி ஒழுங்காக உள்ள பெண்ணுக்கு, தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்து எடுத்தால் வேலை செய்யும். உங்களுக்கு எது தேதி என்றே தெரியாத நிலையில் சும்மா போட்டால் நடுவில் படும், பயாப்சி அறிக்கையையும் குழப்பும். ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தக் கட்டு இவற்றில் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லாமல் வாங்காதீர்கள். முதலில் பயாப்சியை முடித்துவிடுங்கள், முடிவு ஒரு வாரத்தில் வந்துவிடும். பிறகு டாக்டரிடம் விசேஷத் தேதியைச் சொல்லுங்கள். சிகிச்சைக்கென்று அதே மாத்திரையை மூன்று வாரத்துக்கு எழுதுவார் என்றால், நடுவில் அந்தத் தேதி விழும்படி தொடங்கிக் கொடுக்க அவரால் முடியும்.